தோற்றமும் தொழிலும்: விஞ்ஞானக் கல்வியில் மிகை மெய்ம்மை

1

பாடநூலின் ஒரு பக்கத்தைக் கைப்பேசியின் கமராவுக்கு முன்னே பிடித்தவுடன், தாளிலே தட்டையாக அச்சிடப்பட்டிருந்த மனித இதயம் முப்பரிமாண உருப்பெற்றுத் திரையில் எழுந்து துடிப்பதைக் காட்டும் செயலிகள் பல இன்று கிடைக்கின்றன. கமரா காணும் மெய்யான சூழலின் மீது, கணினி வரைந்த உருவத்தை அதே கணத்தில், உரிய இடத்தில் பொருந்துமாறு பதித்துக் காட்டும் இத்தொழில்நுட்பத்துக்குத் தமிழில் நிலைபெற்ற ஒரே பெயர் இன்னும் அமையவில்லை. மிகை மெய்ம்மை என்னும் தொடரை இக்கட்டுரை கையாள்கின்றது. கண்ணை முற்றாக மூடி வேறோர் உலகினுட் புகுத்தும் மெய்நிகர் காட்சியினின்றும் இது வேறானது. இங்கே வகுப்பறையும் மேசையும் தாளும் அப்படியே இருக்க, அவற்றின் மேல் ஒரு படிமம் வந்து அமர்கின்றது.

பாடசாலை விஞ்ஞானக் கல்வியில் இதனைப் புகுத்த வேண்டும் என்ற குரல் கல்வியாளரிடையேயும் வணிகரிடையேயும் ஒருங்கே ஒலிக்கின்றது. ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைக்கும் ஆய்வுகூடத்தைக் கொண்டு செல்லலாம், ஆபத்தின்றிப் பரிசோதனை செய்யலாம், கண்ணுக்குப் புலனாகாதவற்றைக் கண்முன் நிறுத்தலாம் என்பன அக்குரலின் சாரமாகும். இலக்கிய மாணவன் ஒருவன் இதனைப் பற்றிப் பேசுவானேன் என்ற வினா எழலாம். படிமத்துக்கும் மெய்ம்மைக்கும் உள்ள உறவு இலக்கிய விமர்சனம் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் பிரச்சினையாகும். மெய்ம்மையை மிகுவிப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒரு சாதனம் வகுப்பறைக்கு வரும்பொழுது, எவருடைய மெய்ம்மை எவரால் மிகுவிக்கப்படுகின்றது, அம்மிகையினால் மறைக்கப்படுவது யாது என வினவுதல் விமர்சகனின் பணியேயாகும். கொழும்பின் தமிழ் மொழிமூல மாணவரை மனங்கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

எந்தக் கருவியும் வெற்றிடத்திற் பிறப்பதில்லை. 1968ஆம் ஆண்டு ஐவன் சதர்லண்ட் என்பார் தலையில் அணிந்து பார்க்கும் காட்சிக் கருவியொன்றை அமெரிக்காவிற் செய்து காட்டினார். முகட்டிலிருந்து தொங்கவிடப்பட்ட அப்பாரிய பொறி, கோடுகளாலான எளிய வடிவங்களை மெய்யான அறையின் மேற் பொருத்திக் காட்டியது. இத்தகைய ஆய்வுகளுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத்துறையின் நிதி பெருந்துணையாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில், போயிங் விமானக் கம்பனியிற் பணியாற்றிய தொமஸ் கோடெல் இன்று நாம் வழங்கும் ஆங்கிலப் பெயரை இத்தொழில்நுட்பத்துக்கு இட்டார். 1992இல் அவரும் டேவிட் மிசெலும் எழுதிய கட்டுரை விமான உற்பத்தியைப் பற்றியதாகும். விமானத்தினுட் செல்லும் மின்கம்பிக் கட்டுகளைப் பெரும் பலகைகளின் மேல் ஒழுங்குபடுத்தும் தொழிலாளி, வரைபடத்தைப் பார்த்தும் குறிப்புகளை வாசித்தும் காலம் கழிக்காது, அடுத்த கம்பி எங்கே செல்ல வேண்டும் என்பதைத் தன் கண்முன்னேயே கண்டு கையை இயக்குமாறு செய்தல் அவர்களின் நோக்கமாக இருந்தது.

இத்தோற்றுவாய் மனங்கொள்ளத்தக்கது. ஹரி பிரேவர்மன் 1974இல் வெளியிட்ட நூலில், முதலாளித்துவ உற்பத்தியில் கருதுதலும் செய்தலும் பிரிக்கப்பட்டு, கருதுதல் நிருவாகத்தின் உடைமையாகவும் செய்தல் தொழிலாளியின் விதியாகவும் மாறுமாற்றை விரிவாக எடுத்துக்காட்டினார். கம்பி செல்ல வேண்டிய பாதையை ஒளிக்கோடாகக் காட்டும் கருவி இப்பிரிவினையின் நிறைவான வடிவங்களுள் ஒன்று எனலாம். ஏன் இவ்விடம், ஏன் வேறிடமன்று என்ற வினா தொழிலாளியினின்றும் பறிக்கப்பட்டு, மென்பொருளுக்குள்ளே பூட்டப்படுகின்றது. அவனுக்கு எஞ்சுவது கண்ணும் கையுமே.

தோற்றுவாயைக் கொண்டு ஒரு கருவியின் முழு வரலாற்றையும் தீர்மானித்தல் இயக்கவியல் நோக்காகாது. போர்த்தேவைக்குப் பிறந்தவை மருத்துவத்துக்குப் பயன்பட்டுள்ளன. 1999இல் ஜப்பானிய அறிஞர் ஹிரோகசு கட்டோ, கறுப்புச் சதுரக் குறிகளைக் கமராவினாற் கண்டறிந்து அவற்றின் மேல் உருவங்களை நிறுத்தும் மென்பொருளை உருவாக்கினார். அது வெளிப்படையாகக் கிடைத்தமையாற் பல்கலைக்கழகங்களும் தனியாட்களும் இத்துறையிற் புக வழி பிறந்தது. எனினும் தொழிற்சாலையில் தொழிலாளியின் கண்ணை வழிநடத்தப் பிறந்த சாதனம் வகுப்பறைக்கு வரும்பொழுது, மாணவனை அத்தொழிலாளியின் நிலையிலேயே நிறுத்துகின்றதா, அன்றி அந்நிலையினின்றும் விடுவிக்கின்றதா என்பதே அதனை மதிப்பிடும் உரைகல்லாக அமைதல் வேண்டும்.

3

ஈழத்து முற்போக்கு விமர்சனம் இயற்பண்புவாதத்தையும் யதார்த்தவாதத்தையும் வேறுபடுத்தி நோக்கியமை இவ்விதழின் வாசகர் அறிந்ததே. வெளித்தோற்றங்களை எத்துணை நுணுக்கமாக அடுக்கினாலும், அவற்றை இயக்கும் உறவுகள் வெளிப்படாதவிடத்து யதார்த்தம் சித்திரிக்கப்பட்டதாகாது என்பது அவ்வேறுபாட்டின் அடிப்படையாகும். ஜோர்ஜ் லூக்காச் 1936இல் எழுதிய கட்டுரையொன்றிலே விவரிப்பதையும் கதை சொல்வதையும் எதிரெதிராக நிறுத்தியதும் இதனையொட்டியே. மார்க்ஸும் மூலதனத்தின் மூன்றாந் தொகுதியிலே, தோற்றத்துக்கும் சாராம்சத்துக்கும் இடையே உள்ள இடைவெளியிலேதான் விஞ்ஞானத்துக்கு வேலை இருக்கின்றது என்னும் கருத்தை வலியுறுத்தியுள்ளார்.

இவ்வளவுகோலை ஒரு விஞ்ஞானப் பாடத்தின் மேல் வைத்துப் பார்ப்போம். வெங்காயத்தின் மேற்றோல் உரியை நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கும் பரிசோதனையை எடுத்துக்கொள்ளலாம். மாணவி உரியைக் கிழியாது எடுக்க வேண்டும், கண்ணாடி வழுக்கியின் மேல் நீர்த்துளியில் வைத்து, வளிக்குமிழி புகாது மூட வேண்டும், சாயமிட வேண்டும், ஆடியைத் திருப்பி ஒளியைச் சேர்க்க வேண்டும், திருகைச் சுழற்றித் தெளிவான விம்பத்தைத் தேட வேண்டும். முதன்முறையில் அவள் காண்பது பெரும்பாலும் வளிக்குமிழியின் கரிய விளிம்பையே. அதனையே கலம் என எண்ணி வரைந்து, ஆசிரியராற் திருத்தப்பட்டு, மீண்டும் நோக்கும்பொழுது செங்கல் அடுக்கினாற்போன்ற கலங்கள் அவளுக்குப் புலனாகின்றன. பாடநூற் படத்தின் தெளிவு அவற்றில் இல்லை. அத்தெளிவு பலருடைய நோக்கல்களிலிருந்து உழைத்துப் பெறப்பட்ட ஒரு சுருக்கம் என்பதை அவள் அந்நேரத்திலேதான் உணர்கின்றாள்.

மிகை மெய்ம்மைச் செயலி இதே கலத்தை நிறங்கொண்டு, புன்னங்கங்கள் யாவும் பிரகாசிக்க, உள்ளங்கையளவில் மேசைமீது நிறுத்துகின்றது. விரலினாற் சுழற்றலாம், வெட்டிப் பார்க்கலாம். ஆயின் அங்கே பிழைபடுவதற்கு இடமேயில்லை. வளிக்குமிழி இல்லை, மங்கல் இல்லை, ஐயம் இல்லை. கலம் என்பது எவராலும் தேடப்படாது, எப்பொழுதும் இவ்வண்ணமே இருந்த ஒரு பொருளாக மாணவிமுன் தோன்றுகின்றது. அறிவு உழைப்பின் விளைவு என்பது மறைந்து, அது நுகர்பொருளின் வடிவம் பெறுகின்றது. பண்டத்தின் பளபளப்பு அதனை ஆக்கிய உழைப்பை மறைப்பது போன்றதே இதுவும். நுணுக்க விவரங்கள் மலிந்தும் உறவுகள் புலப்படாத இயற்பண்புவாத நாவலின் குறைபாடு இங்கே புதிய வடிவிற் தலைகாட்டுகின்றது.

பேர்தோல்ட் பிரெக்ட் நாடுகடந்து டென்மார்க்கில் வாழ்ந்த காலத்தில், 1938-39இல் எழுதி, 1943இல் சூரிச்சில் முதன்முதல் மேடையேறிய கலிலியோவின் வாழ்க்கை என்னும் நாடகம் இவ்விடத்து நமக்குப் பெரிதும் துணைபுரிகின்றது. அதன் முதற்காட்சியிலே, வீட்டுப் பணிப்பெண்ணின் மகனான அந்திரேயாவுக்குப் பூமி சுழல்வதை விளக்க முற்படும் கலிலியோ, முகங்கழுவும் தாங்கியைச் சூரியனாகக் கொண்டு, சிறுவனை அவன் இருந்த கதிரையோடு தூக்கி அதனைச் சுற்றி நகர்த்துகின்றான். ஒரு வகையில் இதுவும் மெய்யான அறையின் மேற் பதிக்கப்பட்ட கற்பனை உருவமே. ஆயின் சிறுவனின் உடலே அதிற் பங்குகொள்கின்றது. தாங்கி தாங்கியாகவும் சூரியனாகவும் ஒருங்கே இருப்பதை அவன் அறிவான். உடனே மறுத்தும் கேட்கின்றான். மறுப்புக்கு விடையாக அப்பிளும் மரச்சிராயும் வருகின்றன. உருவகம் தன்னை உருவகமென்று காட்டிக்கொள்வதனாலேயே சிந்தனைக்கு இடமளிக்கின்றது. மெய்யோ பொய்யோ என மயங்கச் செய்யும் உருவம் வியப்பைத் தரலாம். வினாவைத் தூண்டுதல் அரிது.

அதே நாடகத்திற் பிறிதொரு காட்சியும் உண்டு. புளோரன்சின் அரசவை அறிஞர் தொலைநோக்கியினூடு நோக்காமலே, அதிற் தெரிவது இருத்தல் இயலுமா என்று வாதிட விழைகின்றனர். புதிய சாதனத்தைக் கண்டவுடனே முகந்திருப்பும் பழமைவாதத்தின் நிலையான சித்திரம் அது. மிகை மெய்ம்மையை முற்றாக நிராகரிப்போர் அவ்வறிஞரின் வரிசையிலேயே சேர்வர். முதற்காட்சியின் கலிலியோவும் வேண்டும், தொலைநோக்கியும் வேண்டும் என்பதே முற்போக்காளரின் நிலைப்பாடாக இருத்தல் தகும்.

4

இனி இச்சாதனம் எத்தகைய சமூகத்தினுள் வந்து சேர்கின்றது என்பதை நோக்குவோம். இலவசக் கல்வி இந்நாட்டில் 1945இல் நடைமுறைக்கு வந்தது. இலவசப் பாடநூல்கள் 1980முதல் வழங்கப்பட்டு வருகின்றன. இவை பெருஞ்சாதனைகளேயாயினும், நாட்டிலுள்ள ஏறத்தாழப் பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவையும் கொண்ட 1ஏபி வகையின ஏறத்தாழப் பத்திலொன்றே. மலையகத்துத் தோட்டப்புறங்களில் இவ்விடைவெளி மிகுதி. கல்விப் பொதுத்தராதரச் சாதாரண தர விஞ்ஞானப் பரீட்சையோ எழுத்துத் தாளிலேயே நடைபெறுகின்றது. ஆய்வுகூட உபகரணங்களின் படத்தைப் பார்த்து விடையளிக்கக் கற்றவன், அவற்றைத் தொடாமலேயே சித்தியடையலாம். அளவியையும் குழாயியையும் படமாகவே அறிந்த மாணவனுக்கு, அப்படம் எழுந்து நின்று சுழல்வதாற் கிடைக்கும் இலாபம் யாது? படத்தின் மேற் படம் அடுக்கப்படுகின்றதேயன்றி, படத்துக்கும் பொருளுக்கும் இடையேயுள்ள தூரம் குறைந்ததாகாது.

கொழும்புத் தமிழரிடையே இப்பிரச்சினை வர்க்க வடிவிற் தெளிவாகக் காணப்படுகின்றது. வெள்ளவத்தையில், காலி வீதிக்கு இருமருங்கும் உள்ள ஒழுங்கைகளிலே தொடர்மாடி வீடுகளும் தனியார் வகுப்புகளும் செறிந்துள்ளன. அங்கே வாழும் மத்தியதர வர்க்கத்தாரிற் கணிசமானோர் தம் பிள்ளைகளைக் கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான சர்வதேசப் பாடசாலைகளுக்கோ, இந்நூற்றாண்டின் தொடக்கமுதல் அரசாங்கப் பாடசாலைகளிற் திறக்கப்பட்ட ஆங்கில மொழிமூல வகுப்புகளுக்கோ அனுப்புகின்றனர். துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும், நாட்கூலியும் சிறுவணிகமும் நம்பி வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ் மொழிமூலமே கற்கின்றனர். வெள்ளவத்தையில் வறியோர் இல்லை என்பதோ கொட்டாஞ்சேனையில் வசதி படைத்தோர் இல்லை என்பதோ இதன் பொருளன்று. ஒரே நகரில், ஒரே மொழி பேசும் இரு பிள்ளைகள் ஒரே விஞ்ஞானத்தை இரு வேறு நிலைமைகளில் எதிர்கொள்கின்றனர் என்பதே கருதத்தக்கது. ஒருத்திக்கு மிகை மெய்ம்மை, ஆய்வுகூடத்தோடு வந்து சேரும் கூடுதல் வசதி. மற்றவளுக்கு அது ஆய்வுகூடத்துக்குப் பதிலாகக் காட்டப்படும் நிழல்.

அண்மைக்கால வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது. 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது இணையவழிக் கல்வி ஒன்றே வழியெனக் கூறப்பட்டது. 2019ஆம் ஆண்டின் அரசாங்கப் புள்ளிவிவரப்படி, மேசைக் கணினியோ மடிக்கணினியோ உள்ள குடும்பங்கள் ஏறத்தாழ ஐந்திலொன்றே. அலைவரிசை தேடி மாணவர் மலையேறியும் மரமேறியும் கற்ற செய்திகளை 2021இல் நாடறிந்தது. 2022 மார்ச்சிலோ, அந்நியச் செலாவணி நெருக்கடியாற் கடதாசி இறக்குமதி தடைப்பட, மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அம்மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. கடதாசிக்கும் மின்சாரத்துக்கும் தட்டுப்பாடு நேர்ந்த நாட்டில், கடதாசியில் அச்சிட்ட குறியின் மேல் மின்சாரத்தால் எழும் படிமம் கல்விச் சமத்துவத்தைக் கொணரும் என்பது, பொருளாதார அடித்தளத்தை மறந்த கருத்துமுதல்வாதமேயாகும்.

இன்னொன்றும் உண்டு. பாடநூல் அச்சாகி மாணவன் கைக்கு வந்தபின் எவரும் அதனைத் திருப்பி வாங்குவதில்லை. அண்ணன் கற்றதைத் தம்பியும் கற்கலாம். கம்பனியின் செயலியோ அவ்வாறன்று. கூகிள் நிறுவனம் எக்ஸ்பெடிசன்ஸ் என்னும் செயலியை உலகெங்குமுள்ள வகுப்பறைகளுக்கென வழங்கி, அதில் மிகை மெய்ம்மைக் காட்சிகளையும் சேர்த்தது. 2021 ஜூன் இறுதியில் அது நிறுத்தப்பட்டது. அதனைக்கொண்டு பாடம் அமைத்த ஆசிரியர்களின் உழைப்பு ஒரு வணிக முடிவினாற் பயனற்றதாயிற்று. கற்பித்தற் சாதனம் எவருடைய உடைமை என்னும் வினாவுக்கு விடை காணாது அதன் பயனை மட்டும் பேசுதல் போதாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

5

உடைமை பற்றிய இவ்வினா மொழிக்கும் பொருந்தும். மிகை மெய்ம்மைப் படிமம் வெறும் உருவமன்று. அதன் ஒவ்வோர் உறுப்பின் மேலும் ஒரு பெயர் மிதக்கின்றது. அப்பெயர் எம்மொழியில், எவருடைய வழக்கில் எழுதப்பட்டிருக்கின்றது என்பது சிறிய காரியமன்று.

விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கும் முயற்சிக்கு ஈழத்தில் நீண்ட வரலாறு உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரி மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்து, 1864முதல் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். ஆங்கிலங் கற்ற மருத்துவர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்ல, தமிழிற் கற்றோரே தம் ஊரில் தங்கி மக்களுக்குப் பணிபுரிவர் என்று அவர் கருதினார். மொழிமூலத்துக்கும் வர்க்க நலனுக்கும் உள்ள தொடர்பை, மதம் பரப்பும் நோக்கோடு வந்த ஒருவர் தம் அனுபவத்தினூடாகவேனும் கண்டுகொண்டமை சிந்தனைக்குரியது. மாணாக்கரின் துணையோடு அவர் மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தார், கலைச்சொற்களை ஆக்கினார். 1872இல் மனுஷ அங்காதிபாதமும் 1875இல் கெமிஸ்தமும் வெளிவந்தன. பின்னர் 1950களிலும் 1960களிலும், சுயமொழிக் கல்வி மேல்வகுப்புகளுக்கு விரிந்தபொழுது, அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இன்று நம் மாணவர் எழுதும் விடைத்தாளின் மொழி இவ்வுழைப்பின் மேலேயே நிற்கின்றது.

அம்மொழி தமிழகப் பாடநூல் மொழியினின்றும் பலவிடத்து வேறுபடுவது. நாம் ஒளித்தொகுப்பு என்பதை அங்கே ஒளிச்சேர்க்கை என்பர்; நம் கலம் அங்கே செல்; ஒட்சிசன் அங்கே ஆக்சிஜன்; அமுக்கம் அங்கே அழுத்தம்; நுணுக்குக்காட்டி அங்கே நுண்ணோக்கி; பௌதிகவியல் அங்கே இயற்பியல். தமிழ்நாட்டிலே 2018இல் வந்த புதிய பாடநூல்கள் கியூஆர் குறிகளோடு வெளியாகி, அவற்றினூடே காணொளிகளும் பிற உள்ளடக்கங்களும் மாணவரைச் சென்றடைந்தன. அரசொன்று தன் பாடநூலோடு, தன் கலைச்சொல்லிலே இதனைச் செய்தமை பாராட்டுக்குரியது. ஆயின் அவ்வுள்ளடக்கத்தையோ ஆங்கிலச் செயலியையோ அப்படியே கொட்டாஞ்சேனை வகுப்பறையிற் காட்டினால், திரையில் ஒரு பெயரையும் பாடநூலில் வேறொரு பெயரையும் பரீட்சைத் தாளிலே மூன்றாவதாக ஒன்றையும் மாணவி எதிர்கொள்ள நேரிடும். பரந்துபட்ட தமிழுலகின் சொற்களை அறிவது நன்றே. எனினும், அவ்வேறுபாட்டை எடுத்து விளக்க ஆசிரியர் இல்லாதவிடத்து அது செல்வமாகாது, சுமையாகும். பெயரை எழுதும் அதிகாரம் நம்மிடம் இல்லாதவரை, படிமம் எத்துணை ஒளிவீசினும் அது இரவற் படிமமே.

6

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? இத்தொழில்நுட்பத்தின் மெய்யான வலிமையை முதலில் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். மூலக்கூறுகளின் வடிவம், காந்தப்புலத்தின் பரவல், கிரகணம் நேரும் முறை ஆகியன வெறுங்கண்ணாற் காணவியலாதவை. தட்டையான படம் அவற்றின் வெளிசார் உறவுகளைச் சிதைத்தே காட்டும். இத்தகைய இடங்களில் முப்பரிமாண உருவம் விளக்கத்துக்குத் துணைபுரிவதை ஆய்வுகள் பலவும் காட்டியுள்ளன. அதேவேளையில், 2009இல் டன்லீவி, டீட், மிச்செல் ஆகியோர் அமெரிக்கப் பாடசாலைகளில் நிகழ்த்திய ஆய்வு, மாணவரின் ஆர்வம் பெருகியதைக் கூறுவதோடு, ஒரே நேரத்திற் பலவற்றைக் கவனிக்க நேர்ந்து அவர்கள் திணறியதையும் பதிவு செய்தது. வியப்பும் விளக்கமும் ஒன்றல்ல.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஒலிவர் கிறெய்லொஸ் உருவாக்கிய மணற்றொட்டி இங்கே ஊன்றி நோக்கத்தக்கது. தொட்டியொன்றில் மெய்யான மணல் இருக்கும். மாணவர் கையால் அதனைக் குவித்தும் அகழ்ந்தும் மலையும் பள்ளத்தாக்கும் ஆக்குவர். மேலிருந்து கருவியொன்று மணலின் உயரத்தை அளக்க, எறியி சமவுயரக்கோடுகளை அதன் மேல் வரையும்; கை அசையக் கோடுகளும் அசையும். மென்பொருள் எவரும் பெற்றுத் திருத்திக்கொள்ளுமாறு வெளிப்படையாக விடப்பட்டுள்ளது. இங்கே படிமம் உழைப்பை மறைக்கவில்லை. உழைப்பின் விளைவை உடனுக்குடன் காட்டுகின்றது. தான் ஏன் இவ்விடத்தே மணலைக் குவித்தாள் என்பதை மாணவியே அறிவாள். கருதுதலும் செய்தலும் ஒருங்கே அவள் கையில் இருக்கின்றன. தொழிற்சாலையிற் பிறந்த கருவி வகுப்பறையிலே தலைகீழாக நிமிர்த்தப்பட்டமைக்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

இதனின்றும் சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, மிகை மெய்ம்மை ஆய்வுகூடத்தைத் தொடர்ந்து வர வேண்டுமேயன்றி அதன் இடத்தைப் பிடித்தல் ஆகாது. வெங்காய உரியை நோக்கிய பின்னர் முப்பரிமாணக் கலத்தைக் காணும் மாணவி, தான் கண்டதற்கும் காட்டப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்பாள். முன்னதின்றிப் பின்னதை மட்டும் கண்டவளுக்குக் கேட்க ஏதுமில்லை. இரண்டாவதாக, இதன் உள்ளடக்கம் இலவசப் பாடநூலைப் போன்று பொதுவுடைமையாக இருத்தல் வேண்டும். கல்வி வெளியீட்டுத் திணைக்களமும் தேசிய கல்வி நிறுவகமும் பாடநூலுக்கு ஏற்கும் பொறுப்பை இதற்கும் ஏற்பதே முறை. மூன்றாவதாக, தமிழ்ப் பெயர்களை எழுதும் பணியிற் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் விஞ்ஞான பீட மாணவரோடும் பாடசாலை ஆசிரியரோடும் இணைதல் வேண்டும். மானிப்பாயில் ஆசிரியரும் மாணாக்கரும் கூடிச் சொல்லாக்கிய மரபின் தொடர்ச்சியே அது.

இம்மூன்றும் நிறைவேறாத நிலையில், ஆய்வுகூடம் கட்டப்படாத பாடசாலைக்குக் கைப்பேசிச் செயலியைப் பரிசளிக்கும் திட்டம் எதனையும் நாம் ஐயத்தோடேயே நோக்க வேண்டும். மிகுவிக்கப்பட வேண்டியது கொட்டாஞ்சேனை மாணவியின் மெய்ம்மையே. அவள் பள்ளிக்கு முதலில் வேண்டுவன நீர்க்குழாயும் மேசையும் நுணுக்குக்காட்டியும், அவற்றைக் கையாளக் கற்பிக்கும் ஆசிரியருமாவர். அவை கிடைத்தபின் மேசைமீது எழும் படிமம் எதுவாயினும், அதனோடு வாதிட அவளுக்கு இயலும்.